இரண்டில் ஒன்று

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்பார்கள். ஆடிக் கிருத்திகையன்று காவடியும் மொட்டைத் தலையுமாக அங்கே ஏறுகிற கூட்டத்தைக் கண்டவர்களுக்கு, நம் ஜனங்கள் கொடுப்பதற்கு அஞ்சாதவர்கள் என்பது விளங்கும். முடியைக் கொடுக்கிறார்கள், அது மறுபடி முளைக்கிறது. நான் வழக்காட வந்திருப்பது, முளைக்காத ஒன்றைப் பற்றி.

நம் தொடர்கதைகளிலும் சினிமாவிலும் சிறுநீரகம் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். கணவனுக்கு இரண்டும் பழுதாகிவிடும். மனைவி தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர்!" என்பாள். அடுத்த அத்தியாயத்தில் இரண்டு கட்டில், இரண்டு புன்னகை, முற்றும். அவள் எத்தனை வாரம் தண்ணீர்க் குடம் தூக்காமல் இருக்க வேண்டும் என்பதை எந்தக் கதாசிரியராவது எழுதியதுண்டா? பத்தினித்தனத்துக்குப் பரீட்சை வைக்கிற அவசரத்தில் அவள் வயிற்றை மறந்துபோகிறோம்.

மாற்றுச் சிகிச்சைக்கு நான் விரோதியல்ல. 1954ல் பாஸ்டனில் ஓர் இரட்டையர் கொடுத்ததை மற்றவர் பெற்றுப் பிழைத்தார். 1971ல் நம் நாட்டில் முதன்முதலாக இது வெற்றி கண்டது, திருத்தணிக்குப் பக்கத்து வேலூரில்தான். அன்று முதல் பிழைத்த உயிர்கள் எத்தனையோ! ஆனால், நோயே இல்லாத ஒருவரை மேஜையில் கிடத்தி, அவருக்கு எவ்விதச் சரீர லாபமும் இல்லாமல் அறுக்கிற காரியம் வைத்தியத்தில் மிக அபூர்வம். அப்படியானால் அந்த ஒருவரிடம் எவ்வளவு ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும்?

என்ன பேசுவது? இதைத்தான். மயக்க மருந்து உண்டு. ரத்தப்போக்கு, சீழ், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைப்பது, தையல் விட்டுக் குடல் பிதுங்குவது, இவை எல்லாம் நேரக்கூடும். அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை கணக்கெடுத்ததில், கொடுத்தவர்களில் பதினாயிரத்துக்குச் சுமார் மூன்று பேர் தொண்ணூறு நாளுக்குள் இறந்தார்கள். 2013க்குப் பிந்திய பத்தாண்டுகளில் அது ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. நல்ல சேதிதான். ஆனால் அத்துடன் கதை முடிந்துவிடவில்லை. கொடுத்த பதினைந்து வருஷத்துக்குள் தாமே சிறுநீரகம் செயலிழந்து நிற்போர் பதினாயிரத்துக்கு 31 பேர். அதே அளவு ஆரோக்கியமுள்ள, கொடுக்காதவர்களில் நான்கு பேர். பின்னால் கர்ப்பமாகும் பெண்களில் ரத்த அழுத்தக் கோளாறு வருவது நூற்றுக்குப் பதினொன்று; கொடுக்காதவர்களில் ஐந்து. கலியாணமாகாத தங்கையை அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்கிற குடும்பங்களில் இதை யாராவது உரக்கச் சொல்கிறார்களா?

இவ்வளவும் நன்றாகச் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கணக்கு என்பதையும் கவனியுங்கள். கடனுக்காக விற்பவர் கதை வேறு. 2001ல் சென்னையில் அப்படி விற்ற 305 பேரை விசாரித்தார்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கத்தான் விற்றிருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கடன் தீரவே இல்லை; நூற்றுக்கு 86 பேருக்கு உடம்பு கெட்டது; குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அப்புறமும் புத்தி வந்ததா? 2025ல் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்திலிருந்து, விசைத்தறித் தொழிலாளிகளைத் தரகர் வலை வீசிப் பிடித்த சேதி வந்தது. திருத்தணியைச் சுற்றிலும், ஆர்.கே. பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும், தறிச் சத்தம் கேட்கிறது, கடனும் இருக்கிறது. தரகன் சொல்லும் வாசகம், "கடவுள் இரண்டு கொடுத்திருக்கிறார், ஒன்று போதுமே!" என்பது. நம் கதாநாயகியின் மாமியார் சொல்வதும் அதேதான்.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1994ஆம் வருஷத்துச் சட்டத்தின் பன்னிரண்டாவது பிரிவு, நேரக்கூடிய விளைவுகளையும் அபாயங்களையும் கொடுப்பவருக்கு டாக்டர் விளக்கியாக வேண்டும் என்கிறது. ஆனால் சுற்றிலும் உறவினர் நிற்க, புரியாத பாஷையில் அச்சடித்த தாளில் கையெழுத்து வாங்குவது விளக்கமாகுமா? நம் நாட்டில் உயிரோடிருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இதை வெறும் அன்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

"இப்படிப் பயமுறுத்தினால் யார் கொடுக்க வருவார்கள்? நோயாளி சாக வேண்டியதுதானா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிள்ளைக்காகக் கொடுக்கத் துணிந்த தாய், பதினாயிரத்தில் ஒன்று என்று கேட்டதும் ஓடிவிடுவாள் என்று நினைப்பது அவளை அவமதிப்பது. தெரிந்து கொடுப்பதுதான் தியாகம். தெரியாமல் பறிகொடுப்பதற்கு வேறு பெயர் உண்டு. நோயாளியின் உயிரில் அவ்வளவு அக்கறை இருந்தால், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பைத் தர நம் குடும்பங்கள் முன்வரட்டும். 2008 முதல் தமிழ்நாட்டில் அதற்கு அரசாங்க ஏற்பாடே இருக்கிறது. 2023 முதல், அப்படிக் கொடுத்தவர் உடலுக்கு அரசு மரியாதையும் உண்டு.

நான் கேட்பது அதிகமில்லை. கொடுப்பவரிடம் தனியாகப் பேசுங்கள். எல்லையூர்க்காரர் தெலுங்கு பேசினால் தெலுங்கில் பேசுங்கள். எண்களை எழுதிக் கையில் கொடுத்து, வீட்டில் யோசிக்க அவகாசம் தாருங்கள். அவர் வேண்டாமென்றால், "உடம்பு பொருந்தவில்லை" என்று உறவினரிடம் டாக்டரே சொல்லி அவர் மானத்தைக் காக்கட்டும். கொடுத்தபின் வருஷந்தோறும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் இலவசமாகச் சோதிக்கப்படட்டும். கதை எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இனி அந்த மனைவி "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்கு முன், "எனக்கு என்ன ஆகும்?" என்று ஒரு வரி கேட்கட்டும். டாக்டர் பதில் சொல்லட்டும்.