யாருடைய விருப்பம்?

நமது பத்திரிகைகளில் வாகன விளம்பரங்களைப் படிப்போர் ‘புல் ஒப்சன்’ என்ற சொற்றொடரை நன்கறிவர். வண்டியில் இருக்கக்கூடிய வசதிகள் யாவும் இதில் உள என்பதே அதன் பொருள். வேண்டியவர் வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம் என்ற இனிய உறுதிமொழியும் அச்சொல்லில் தொனிக்கிறது. ஆனால் அச்சொல் வளர்ந்த இடமாகிய அமெரிக்க மோட்டார்ச் சந்தையில் அதன் வரலாற்றைச் சற்று நோக்குவோமாயின், தெரிவு செய்பவர் வாங்குபவரல்லர், விற்பவரே என்பது புலனாகும்.

போர்ட் நிறுவனத்தின் எவ் வரிசைப் பிக்-அப் வண்டிகள் அந்நாட்டில் பல தசாப்தங்களாக விற்பனையில் முன்னணியில் நிற்பவை. கமக்காரரும் தச்சரும் குழாய் பொருத்துவோரும் தம் பிழைப்புக்காக வாங்கும் வண்டிகள் அவை. இன்று அவ்வண்டி ஒரே வண்டியாக விற்கப்படுவதில்லை. எக்ஸ்.எல்., எக்ஸ்.எல்.ரி., லாரியற், கிங் ராஞ்ச், பிளாற்றினம் என்று சாதிப்படிகள் போல அது அடுக்கப்பட்டிருக்கிறது. ஒரு படிக்குள்ளேயே 300, 301, 302 என எண்ணிட்ட தொகுதிகள் வேறு இருந்துவந்தன. பனி உறையும் வட மாநிலத்துத் தொழிலாளி ஒருவருக்கு, விடியற்காலையில் வீட்டினுள் நின்றபடியே எஞ்சினை இயக்கி வண்டியைச் சூடாக்கும் வசதி ஒன்றுதான் தேவை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது தனியே கிடைப்பதில்லை. மின்விசையால் நகரும் இருக்கை, அலங்கார விளக்கு, வேறு பல என்பவற்றோடு சேர்த்துக் கட்டிய மூட்டையாகவே அது வருகிறது. மூட்டை அவருடைய படியில் இல்லையெனின், முதலில் அவர் மேற்படிக்கு ஏறவேண்டும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் பால்மா கேட்டவரிடம், விலைபோகாத சவர்க்காரத்தையும் எடுத்தாற்றான் தருவேன் என்று சொன்ன சந்திக் கடை முதலாளியை நாம் அறிவோம். அவரை நாம் கொள்ளைக்காரர் என்றோம். அதே காரியத்தைப் பெருநிறுவனம் செய்தால் அதற்கு ‘வசதித் தொகுதி’ என்று பெயர்!

இதற்கு நிறுவனத்தார் கூறும் சமாதானத்தையும் கேட்போம். பத்து வசதிகளைத் தனித்தனியே தெரியவிட்டால் 1,024 வகை வண்டிகள் பிறக்கும், தொழிற்சாலை அதனைத் தாங்காது, ஆகவே மூட்டை கட்டுகிறோம் என்பர். கணக்கு சரியானதே. ஆயின் அக்கணக்கிலிருந்து வேறொரு முடிவும் பிறக்கலாம். பயனுள்ளவற்றை எல்லா வண்டிகளிலும் பொதுவாகப் பொருத்திவிட்டால் வகைகளும் குறையும், செலவும் குறையும். 1970களின் பிற்பகுதியில் யப்பானின் ஹொண்டா நிறுவனம் அக்கோர்ட் காரைப் பல வசதிகள் ஏற்கெனவே பொருத்தப்பட்ட நிலையில் கொண்டுவந்து அமெரிக்கர் முன்னிலையிலேயே விற்றுக் காட்டியது. எனவே இது எந்திரம் விதித்த கட்டாயமன்று. இலாபம் விதித்த கட்டாயம்.

விலைகளை வெளியிடுவதற்குக்கூடச் சட்டம் தேவைப்பட்டது. காரின் அடிப்படை விலையையும் மேலதிகப் பொருள்களின் விலையையும் சாளரக் கண்ணாடியில் ஒட்டவேண்டும் என்ற விதி, செனற்றர் மைக் மொன்றோனியின் முயற்சியால் 1958 இல் சட்டமாயிற்று. பத்துப் பொருளை ஒரு மூட்டையாக்கி, மூட்டைக்கு ஒரே விலை எழுதும்போது அச்சட்டத்தின் எழுத்து காக்கப்படுகிறது, உயிர் போய்விடுகிறது.

பணம் மட்டுமே பிரச்சினையாயின் நாம் இத்துணை எழுதவேண்டியதில்லை. எது வசதி, எது தேவை என்று கோடு கிழிக்கும் உரிமை விற்பவர் கையில் இருப்பதே உண்மையான ஆபத்து. 1956 இல் போர்ட் கார்களில் சீட் பெல்ற் பணம் கொடுத்துப் பெறும் மேலதிகப் பொருளாகவே இருந்தது. மோதலின்போது கழுத்தைக் காக்கும் தலைத்தாங்கி 1969 முதல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஆனால் பிக்-அப் முதலிய இலகு ட்ரக் வகைகளுக்கு அவ்விதி வந்தது 1991 இலேதான். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிக்-அப் ஓட்டியவரின் கழுத்து எலும்பு வேறு எலும்பாகவா இருந்தது?

இன்னொன்றையும் நினைவுகூர்வோம். எஸ்.யூ.வி. எனப்படுவனவும் நம்மவர் ஜீப் என்றே வழங்குவனவுமாகிய உயர்ந்த வண்டிகளைப் பின்னோக்கிச் செலுத்தும்போது, பின்னே நிற்கும் சிறு குழந்தை சாரதியின் கண்ணுக்குத் தென்படாது. அமெரிக்காவில் இவ்வாறு பின்னோக்கி வரும் வாகனங்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 210 பேர் இறந்ததாக அரசாங்கமே கணித்தது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். பல வேளைகளில் வண்டியைச் செலுத்தியவர் பெற்ற தந்தை அல்லது தாய். இதனைத் தடுக்கப் பின்புறக் கமெரா இருந்தது. திரையோடு சேர்த்து அதற்காகும் செலவு வண்டியொன்றுக்கு ஏறத்தாழ 140 டொலர் என்று 2014 இல் கணிக்கப்பட்டது. திரை ஏற்கெனவே உள்ள வண்டியிலோ 45 டொலருக்கு மேற்படாது. ஆயினும் அக்கமெரா பல ஆண்டுகளாக வழிகாட்டும் திரை, தோல் இருக்கை என்பவற்றோடு மேற்படி வண்டிகளின் மூட்டைக்குள் கிடந்தது. அதனைக் கட்டாயமாக்கும் சட்டம் 2008 இல் நிறைவேறிற்று. கெடுக்கள் மீண்டும் மீண்டும் தள்ளிப்போயின. எல்லாப் புதிய வண்டிகளிலும் கமெரா வந்தது 2018 மே மாதத்திலேதான். இடைப்பட்ட பத்தாண்டுகளில் மாண்ட குழந்தைகள் எந்த ‘ஒப்சனை’த் தெரிந்தெடுத்தார்கள்?

இக்கொள்ளை பிக்-அப், ஜீப் வகைகளிலே கொழித்ததற்கும் காரணம் உண்டு. இறக்குமதியாகும் இலகு ட்ரக் வண்டிகளுக்கு 1964 இல் விதிக்கப்பட்ட 25 சதவீதத் தீர்வை அந்நியப் போட்டியைத் தடுத்தது. 1975 இன் எரிபொருட் சட்டமும் ட்ரக் வகைக்குத் தளர்ந்த விதியையே தந்தது. போட்டி குறைந்த இடத்தில் மூட்டை பெருத்தது.

இப்பொழுது அடுத்த கட்டம் வந்துவிட்டது. பொருள் வண்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கும், பூட்டித் தரப்படும். 2022 இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், இருக்கையில் ஏற்கெனவே உள்ள வெப்பக் கம்பிகள் இயங்குவதற்குச் சில நாடுகளில் மாதச் சந்தா கேட்டது. எதிர்ப்பு வலுக்கவே 2023 இல் அதனைக் கைவிட்டது. தொழிலாளி தன் உழைப்பால் அக்கம்பியைப் பொருத்திவிட்டார். வாங்கியவர் அதன் பாரத்தையும் சுமந்து திரிகிறார். எனினும் அது அவருடையதன்று! அதே 2022 இல் ஜெனரல் மோட்டேர்ஸ் தன் புயிக், ஜி.எம்.சி. வண்டிகளில் 1,500 டொலர் பெறுமதியான தொடர்புச் சேவை ஒன்றை ‘ஒப்சன்’ பட்டியலிற் சேர்த்தது. வாங்குபவரால் அதனை விலக்க முடியவில்லை. கட்டாய விருப்பம்! மொழிக்கு இதனினும் பெரிய அவமதிப்பு உண்டோ?

வசதியை நாம் வெறுப்பவரல்லர். குளிரில் நடுங்கும் உழைப்பாளிக்குச் சூடான இருக்கை கிடைப்பதை வரவேற்பவர் நாம். நாம் எதிர்ப்பது, மனித அறிவு கண்ட நன்மைகளைக் காசுக்கேற்ப அடுக்கிவைக்கும் ஒழுங்கையே. உயிர் காக்கும் எதுவும் விலைப்பட்டியலில் விருப்பப் பொருளாக நிற்கலாகாது. ஒவ்வொரு வசதிக்கும் தனி விலை குறிக்கப்படல் வேண்டும். விலை கொடுத்து வாங்கிய வண்டியினுள் உள்ளவை யாவும் வாங்கியவருக்கே சொந்தமாதல் வேண்டும். சீட் பெல்ற்றும் தலைத்தாங்கியும் கமெராவும் நிறுவனங்களின் கருணையால் பொதுவுடைமை ஆகவில்லை. பிள்ளைகளை இழந்த பெற்றோரும் விடாது வாதாடிய பொதுமக்களும் சட்டத்தின் வாயிலாக அவற்றைப் பறித்தெடுத்தனர்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வண்டிகளுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டபின், ‘புல் ஒப்சன்’ என்ற மந்திரம் நம் காதுகளிலும் புதிதாக ஒலிக்கிறது. அதனைக் கேட்கும்போது, எத்தனை வசதிகள் உள என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. குறைந்த விலை வண்டியில் ஏறும் ஏழையின் பிள்ளையிடமிருந்து எவையெவை கழற்றி எடுக்கப்பட்டன என்றும் கேட்போமாக.