கோப்பை ஒன்று, ஜெயித்தவர் இரண்டு பேர்

நீளம் தாண்டுதலில் ஒருத்தன் முதல். நூறு மீட்டரில் இன்னொருத்தன் முதல். இருப்பதோ ஒரே ஒரு சாம்பியன் கோப்பை. யாருக்குக் கொடுப்பது? மீட்டரையும் செகண்டையும் ஒப்பிடுவது, வெள்ளைப் பணியாரம் உசத்தியா, சீப்புச் சீடை உசத்தியா என்கிற மாதிரிதான்.

கோட்டையூரில் எங்கள் தெருப் பையன்கள் விளையாட்டு விழா நடத்திவிட்டு, "சித்தப்பா, நீங்க பி.காம்.தானே, சொல்லுங்க" என்று வந்து நின்றார்கள். விட முடியுமா?

இதற்கு இஸட் ஸ்கோர் என்று ஒன்று உண்டு. சராசரியிலிருந்து ஒருத்தர் எவ்வளவு விலகியிருக்கிறாரோ, அதைத் திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும். திட்ட விலக்கம் என்றதும் பக்கத்தைப் புரட்டாதீர்கள். கூட்டம் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு, அவ்வளவுதான். ஒவ்வொருத்தர் வித்தியாசத்தையும் வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் தீர்ந்தது.

தாண்டிய ஐந்து பேர்: 5.0, 5.2, 5.4, 5.6, 5.8 மீட்டர். சராசரி 5.4, திட்ட விலக்கம் 0.28. முதலாமவன் ஸ்கோர் 1.41.

ஓடிய ஐந்து பேர்: 11.4, 12.6, 12.7, 12.8, 13.0 செகண்ட். சராசரி 12.5, திட்ட விலக்கம் 0.57. முதலாமவனுக்கு மைனஸ் 1.94. ஓட்டத்தில் குறைவுதான் நிறைவு, மைனஸைத் தட்டிவிடுங்கள். கோப்பை ஓடினவனுக்கு!

தாண்டினவன் முகம் சுருங்கிவிட்டது. "நானும் ஃபர்ஸ்ட்தானே?" என்றான். நியாயம்தான். கூட வந்தவர்கள் எப்படி என்பதும் சேர்ந்துதான் நம் மார்க்கைத் தீர்மானிக்கிறது. இலங்கையில் ஏ லெவல் எழுதும் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே பல்கலைக்கழக இடத்துக்கே இஸட் ஸ்கோர்தான். நாலாவது தசமத்தில் டாக்டர் கனவு போன வீடுகள் உண்டு.

சார்ல்ஸ் டேவிஸ் என்ற ஆஸ்திரேலியர் இதே முறையில் உலக வீரர்களை எடை போட்டார். மைக்கேல் ஜோர்டான் 3.4, பீலே 3.7. டெஸ்ட் சராசரி 99.94 வைத்திருந்த பிராட்மேன் 4.4! 1948-ல் ஓவலில் கடைசி இன்னிங்ஸில் டக் அவுட் ஆகியும் இந்தக் கதி.

இன்னொரு சங்கதி. ஐந்து பேர் கூட்டத்தில், இந்தக் கணக்குப்படி, யாரும் 2-ஐத் தாண்டவே முடியாது. பிராட்மேனே வந்தாலும் 2-தான். 4.4 எடுக்கக் குறைந்தது 21 பேர் வேண்டும்.

ஆகவே, ஐந்து பேர் செக்‌ஷனில் மாடாக உழைத்தும் பெயர் வரவில்லையே என்று புழுங்குகிற நண்பர்களே, குறை உங்களிடம் இல்லை. ஆள் பத்தாது!