கொடையா, கடனா?

கல்லூரிக் கல்வி ஏழைக்கும் எட்ட வேண்டுமானால் அரசின் முன் இரு வழிகள் உள்ளன. கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்வது ஒன்று. கட்டணத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைச் செலுத்தக் கடன் வாங்கிக் கொடுப்பது மற்றொன்று. முன்னது உதவி, பின்னது உதவியின் பெயரால் நடைபெறும் வட்டி வணிகம். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து, "ஏழைக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டோம்" என்று ஆட்சியாளர் பேசும்போது, அப்பேச்சை மறுப்பது கடமை எனக் கருதுகிறோம்.

நம் நாட்டில் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் 2001இல் வந்தது. 2009-10 முதல், ஆண்டு வருமானம் நாலரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி பயிலும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை மைய அரசு ஏற்றது. 2024 நவம்பரில் 'பிரதமர் வித்யாலட்சுமி' திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. பிணையில்லை, ஜாமீன் இல்லை. எட்டு இலட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு மூன்று விழுக்காடு வட்டித் தள்ளுபடி உண்டு. ஏழாண்டுகளுக்கு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

இவையெல்லாம் கடனை எளிதாக்கின. கட்டணத்தில் ஒரு காசும் குறைக்கவில்லை. கணக்கிட்டுப் பாருங்கள். நான்கு இலட்சம் ரூபாய்க் கடனைப் பத்து விழுக்காடு வட்டியில் ஏழாண்டுகளில் அடைக்க வேண்டுமெனில், மாதந்தோறும் ஏறத்தாழ 6,640 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியிருப்பது 5,57,000 ரூபாய்க்கும் மேல். கையில் பணமிருந்தவர் நான்கு இலட்சத்துக்கு வாங்கிய அதே பட்டத்தை, பணமில்லாதவர் ஐந்தரை இலட்சத்துக்கும் மேல் கொடுத்து வாங்குகிறார். ஏழைக்கு விலையை ஏற்றி விற்கும் இம்முறைக்குச் சமூக நீதி என்று பெயரிட நமக்கு மனம் வரவில்லை.

நம் குடும்பங்களுக்கோ இதில் இன்னொரு துயரமும் உண்டு. வட்டியை மார்க்கம் விலக்கியுள்ளது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். வங்கி வாசலில் நிற்கும் தகப்பனார் பிள்ளையின் எதிர்காலத்தையும் தம் ஈமானையும் மாறிமாறி எடைபோடுகிறார். சிலர் கலங்கிய உள்ளத்தோடு கையொப்பமிடுகின்றனர். சிலர் வீட்டுப் பெண்களின் நகைகளை விற்கின்றனர். சிலர் மகனைக் கல்லூரிக்கு அனுப்பாமல் வளைகுடாவுக்கு விமானம் ஏற்றிவிடுகின்றனர். மகளாயின், படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நிர்ப்பந்தத்தில் இக்கடனை வாங்கலாமா என்பது ஆலிம்கள் ஆராய்ந்து தீர்ப்பளிக்க வேண்டிய விஷயம். அதனுள் நாம் நுழையவில்லை. அந்த நிர்ப்பந்தத்தை உண்டாக்கியவர் யார் என்பதே நம் வினா. 2007இல் தமிழகம் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு தந்தது. இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லையெனில், அந்த ஒதுக்கீடு ஏட்டளவில்தானே நிற்கும்?

இருபது வயதைக் கடந்த முஸ்லிம்களில் பட்டமோ பட்டயமோ பெற்றவர் நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2006இல் சச்சார் குழு கூறிற்று. நாட்டின் மொத்த மக்களில் அது ஏறத்தாழ ஏழு விழுக்காடு. இதைப் படித்த அரசு உதவித்தொகைகளை வளர்த்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. சிறுபான்மை ஆய்வு மாணவர்க்கான மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டதாக நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. கொடை 2022இல் மறைந்தது. கடன் 2024இல் பெருகிற்று. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆட்சியின் நோக்கம் விளங்கும்.

"அரசிடம் பணம் ஏது? கடன்பட்டால்தான் மாணவனுக்குப் பொறுப்பு வரும்" என்பார் உளர். இவ்வழியில் நெடுந்தூரம் சென்ற நாடு இங்கிலாந்து. 1998இல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை எனத் தொடங்கிய கட்டணம், 2012இல் 9,000 பவுண்டு வரை உயர்ந்தது. கடன் தாராளமாகக் கிடைத்ததால் கட்டணத்தை உயர்த்துவதும் எளிதாயிற்று. வட்டிக்கு அஞ்சிய முஸ்லிம் மாணவருக்கு மாற்றுத் திட்டம் தரப்படும் என்றனர். 2017இல் சட்டமும் வழிவகுத்தது. ஆயினும் 2024இல் பல்கலைக்கழகம் புகுந்தவனுக்கும் அது கிடைக்கவில்லை. ஜெர்மனியின் கதை வேறு. அங்குச் சில மாநிலங்கள் 2006 முதல் பருவத்துக்கு 500 யூரோ வரை கட்டணம் வாங்கிப் பார்த்தன. மக்கள் எதிர்த்தனர். ஒவ்வொரு மாநிலமாக விலக்கிக்கொள்ள, 2014இல் கடைசி மாநிலமும் அதைக் கைவிட்டது. பணத்தைவிட மனமே முக்கியம் என்பதற்கு இது சான்று.

நம் தமிழகத்திலும் அம்மனம் இல்லாமற் போகவில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் 2007-08 முதல் நீக்கப்பட்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு 2010இல் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் பயின்றவர்க்கு 2021இல் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடமும், கல்வி, விடுதிக் கட்டணங்களும் கிடைத்தன. மாணவியர்க்கு 2022 முதலும் மாணவர்க்கு 2024 முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டங்கள் வந்தன. கொடுத்தவர் எக்கட்சியினராயினும் நன்றி பாராட்டுவோம்.

ஆயினும் இரு குறைகளைச் சொல்லாமல் இருக்க இயலாது. முதலாவது, சுயநிதிப் பிரிவு. ஒரே கல்லூரியில், ஒரே வளாகத்தில், அரசு ஊதியம் தரும் பிரிவில் சேர்ந்தவன் சிறு தொகையோடு படித்து முடிக்கிறான்; பக்கத்து வகுப்பில் சுயநிதிப் பிரிவில் சேர்ந்தவனின் வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. சுயநிதி என்பதில் 'சுயம்' யாருடையது? அத்தகப்பனாருடையதே. இரண்டாவது, அரசு உதவிபெறும் பள்ளிகளின் நிலை. நம் பிள்ளைகள் பலர் பயில்வது இப்பள்ளிகளிலேதான். 2021இன் ஒதுக்கீட்டில் இவர்களுக்கு இடமில்லை. மாத உதவித்தொகைக்கும் இப்பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியர் 2024 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அதே வறுமையுள்ள வீட்டுப் பிள்ளையைப் பள்ளியின் பெயர்ப்பலகை பார்த்துப் பிரிப்பது முறையன்று.

இக்கோரிக்கை நமக்கு மட்டுமானதன்று. வட்டிச் சுமை நெசவாளி மகனையும் மீனவர் மகளையும் நம் பிள்ளையைப் போலவே அழுத்துகிறது.

அரசை மட்டும் சாடிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வதும் நியாயமன்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் கல்லூரி கண்டனர். அதே ஆண்டில் சென்னையில் புதுக்கல்லூரி தோன்றிற்று. அப்பெரியோர் சமுதாயத்துக்குக் கடன் கொடுக்கவில்லை, கொடை கொடுத்தனர். அவர்கள் வழிவந்தோர் ஒரு நிக்காஹ் விருந்தில் கரைக்கும் தொகையில் எத்தனை மாணவிகளின் மூன்றாண்டுக் கட்டணத்தைச் செலுத்தலாம்! ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும், கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் முன்பே தேவையுள்ள மாணவரின் பட்டியலைத் தயாரித்து, தகுதியுடையோர்க்கு ஜகாத்திலிருந்தும் ஏனையோர்க்கு நன்கொடையிலிருந்தும் கட்டணத்தை நேரே கல்லூரிக்கே செலுத்தலாம்.

ஆனால் ஜமாஅத்தின் கொடை அரசின் கடமைக்கு ஈடாகாது. சுயநிதிப் பிரிவுகளைப் படிப்படியாக அரசின் உதவிக்குள் கொண்டுவர வேண்டும். உதவிபெறும் பள்ளி மாணவரையும் சலுகைகளில் சேர்க்க வேண்டும். நிறுத்திய உதவித்தொகைகளை மீண்டும் வழங்க வேண்டும். வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் இம்மூன்றையும் கேளுங்கள். "கடன் வாங்கித் தருகிறோம்" என்று விடை வந்தால், அவரிடம் நாம் கேட்டது கடன் அல்லவென்று எடுத்துச் சொல்லுங்கள்.