ஐந்து நிமிடத்தில் எண்ணிய குரங்குகள்: படுவான்கரைக்கு என்ன பயன்?

2025 மார்ச் 15, சனிக்கிழமை. காலை 8 மணி முதல் ஐந்து நிமிடங்களுக்கு, நாடு முழுவதும் மக்கள் தத்தமது காணிகளில் நின்று குரங்கு, மந்தி, மயில், மர அணில் ஆகியவற்றை எண்ணினார்கள். விவசாய அமைச்சின் ஏற்பாடு அது. பின்னர் வெளியான முடிவின்படி, குரங்குகள் 50 இலட்சத்துக்கும் அதிகம். மயில்கள் 40 இலட்சத்துக்கும் அதிகம்.

இதைக் கேலி செய்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பயிரைப் பறிகொடுப்பவருக்கு, அரசு எண்ண முன்வந்ததே ஆறுதல்தான். கேள்வி, அந்த எண்ணை வைத்து என்ன செய்யலாம் என்பது.

எல்லோரும் ஒரே நேரத்தில் எண்ணினால் ஒரு விலங்கு இரு தடவை கணக்கில் வராது என்பதே ஐந்து நிமிடத்தின் தர்க்கம். ஆனால் எல்லை வேலியோர மாமரத்தில் நிற்கும் குரங்குக் கூட்டத்தை இரு வீட்டாரும் எழுதுவார்கள். காட்டுக்குள் நின்றவையோ எவர் கண்ணிலும் படவில்லை. கூட எண்ணியது எவ்வளவு, தவறவிட்டது எவ்வளவு என்பது தெரியாதவரை கூட்டுத்தொகையை நம்ப முடியாது.

இந்தியா இதைக் கசப்பாகக் கற்றது. ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் காலடித் தடங்களை வைத்துப் புலிகள் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டது. 2005இல் தேடியபோது ஒன்றுகூட இல்லை. அதன் பிறகே தானியங்கிக் கமெராக்கள் கணக்கெடுப்பின் மையத்துக்கு வந்தன.

அதன் கணக்கு எளிது. வாவியோரக் கண்டல்களில் மீன்பிடிப் பூனையை எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். அதன் உடற்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். முதல் சுற்றில் கமெராவில் 20 பூனைகள் பதிவாகின்றன. இரண்டாம் சுற்றிலும் 20. அவற்றில் 10 ஏற்கெனவே பதிவானவை. அதாவது ஒரு சுற்றில் பாதிதான் அகப்படுகிறது. மொத்தம் ஏறத்தாழ 40. காணாததையும் கணக்கில் சேர்ப்பதே இம்முறையின் பலம்.

குரங்குக்கும் மயிலுக்கும் அவ்வளவு செலவு தேவையில்லை. தெரிவுசெய்த சில கிராம சேவகர் பிரிவுகளில், பயிற்சி பெற்ற இருவர் தனித்தனியே எண்ணி, இருவரும் கண்டது எத்தனை, ஒருவர் மட்டும் கண்டது எத்தனை என்று ஒப்பிட்டாலே போதும். அதே இடம், அதே பருவம், அதே உழைப்பு என ஆண்டுதோறும் செய்ய வேண்டும். படுவான்கரைக்காரரின் பெரிய தலையிடியான யானையும் பன்றியும் இரவில் வருபவை. காலை எட்டு மணிக் கணக்கு அவற்றுக்கு உதவாது.

குரங்குகளுக்குக் கருத்தடை செய்யும் யோசனை பேசப்படுகிறது. நாளை அதற்குப் பணம் ஒதுக்கி, பிறகு மீண்டும் ஐந்து நிமிடம் எண்ணினால், தொகை குறையக்கூடும். குறைந்தது குரங்கா, அன்று எண்ண வந்த ஆட்களா என்று எவராலும் சொல்ல முடியாது.