துல்லியம் யார் பக்கம்?

1066ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் பிரபுக்களின் கோட்டைகளைப் புதுப்பித்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அத்தனையும் சரித்திரத் துல்லியம் என்று தம்பட்டம் வேறு!

நார்விச் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்டில் இது புதுக்கோலத்துடன் திறக்கப்பட்டது. 1121ல் முதலாம் ஹென்றி மன்னன் அங்கே கிறிஸ்துமஸ் கொண்டாடினான் அல்லவா, அந்தக் காலத்து அரண்மனையையே மீட்டுவிட்டார்களாம். பெருமண்டபம், அரசன் அறை, வண்ணம் தீட்டிய ஆசனங்கள், சித்திரத் தையல் திரைகள்!

வெளிச்சுவரோ 1830களில் புதுக்கல்லால் போர்த்தப்பட்டது. பிரயாணிகள் வியந்து பார்க்கும் 'நார்மன் சுவர்' பத்தொன்பதாம் நூற்றாண்டின் சட்டை! இது சின்னப் பொய், போகட்டும்.

ஆசனத்தின் சாயத்தையும் திரையின் நூலையும் ஆராய்ந்தவர்களை நாம் குறை கூறவில்லை. கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்த தொண்டர்களின் கைத்திறனைப் போற்றுகிறோம். நாம் கேட்பது வேறு. அந்தக் கோட்டை எதன் மேல் நிற்கிறது?

வென்றவனின் ஏடே பதில் சொல்கிறது. வில்லியம் மன்னன் 1086ல் எடுத்த டூம்ஸ்டே கணக்கின்படி, நார்விச் கோட்டை விழுங்கிய இடத்தில் 98 மனைகள் இருந்தன. லிங்கனில் கோட்டைக்காக அழிந்தவை 166; கேம்பிரிட்ஜில் 27. குடிகளைத் துரத்தி, அவர்களை அடக்கி ஆளவே எழுப்பிய கொத்தளங்கள் இவை! கோட்டை வேலைக்கு ஏழைகளைக் கட்டாயமாகப் பிடித்து வதைத்த கொடுமையை ஆங்கிலோ-சாக்ஸன் வரலாற்றேடு, 1137ஆம் ஆண்டுக் குறிப்பில் புலம்பித் தீர்க்கிறது.

பின்னர் இதே நார்விச் கோட்டை சிறையாயிற்று. பொது நிலத்தை வேலியிட்டு வளைத்த சீமான்களை எதிர்த்து உழவர் படை திரட்டிய ராபர்ட் கெட்டை 1549 டிசம்பரில் தூக்கிலிட்டது இங்கேதான். அவனுக்கு நினைவுக் கல் வைக்க 1949 வரை 400 ஆண்டுகள் ஆயின.

ஏழை வீட்டுக்குச் சான்று ஏது என்று சில பண்டிதர்கள் கேட்கக்கூடும். நல்ல நியாயம்! ஹென்றியின் ஆசனம் மட்டும் மக்காமல் கிடைத்ததா? பழைய ஓவியங்களையும் ஏடுகளையும் பார்த்துத்தானே அந்த அறைகளைச் சோடித்தீர்கள்? கோட்டையடியில் 1980களின் இறுதியில் கடைவளாகம் கட்டத் தோண்டியபோது, சாக்ஸன் குடியிருப்பின் தடயங்களும் புதைகுழிகளும் வெளிப்பட்டனவே!

அந்த 98 மனைகளில் ஒன்றையாவது, அடுப்பும் பாயுமாக, அரசனின் ஆசனத்துக்கு எதிரே கட்டி வையுங்கள். மண்ணும் கல்லும் சுமந்தவனின் கூடையை அதன் வாசலில் வையுங்கள். டிக்கெட் வாங்கி வருகிற உழைப்பாளி முதலில் அதைப் பார்க்கட்டும். ஆசனத்தின் சாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்வான்.