தன்வினையா, பிறவினையா?

நம் கிராமங்களில் பூச்சிக்கொல்லியை விஷம் என்று சொல்பவர் குறைவு. 'மருந்து' என்பதே வழக்கு. 'மருந்து குடிச்சிட்டான்' என்ற இரண்டு சொற்களோடு பல மரணங்களின் விசாரணை ஊரளவில் முடிந்துவிடுகிறது. எதனால் இறந்தான், யார் செயலால் இறந்தான் என்ற இரு கேள்விகளுக்கும் அந்த ஒரே வினைமுற்று விடை சொல்லிவிடுகிறது. குடித்தான் என்பது தன்வினை. குடிப்பித்தான் என்பது பிறவினை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே தடயவியல் மருத்துவரின் பணி.

2021 செப்டம்பரில் காடாம்புலியூர் காவல் நிலைய எல்லைக்குட்பட்ட பணிக்கன்குப்பத்தில், அப்போதைய கடலூர் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சொந்தமான முந்திரி ஆலையின் தொழிலாளி ஒருவர் இறந்தார். விஷம் குடித்து இறந்ததாகக் குடும்பத்துக்குச் சொல்லப்பட்டது. உடலிலிருந்த காயங்களைக் கண்ட குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. முதலில் சந்தேக மரணம் என்று பதிவான வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் சென்று, அக்டோபரில் கொலை வழக்காக மாறியது. குற்றம் யாருடையது என்பது நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது. அதற்குள் நான் நுழையவில்லை. ஒரே உடலில் விஷமும் காயமும் இருக்கும்போது மருத்துவர் என்ன செய்ய முடியும் என்பதே என் அக்கறை.

இரைப்பையில் விஷம் இருப்பது மட்டும் போதாது. இறந்தவர் வாயில் ஊற்றினாலும் விஷம் ஓரளவு உள்ளே இறங்கக்கூடும். ஆனால் ஓடாத இரத்தம் அதை உடலெங்கும் கொண்டு செல்லாது. எனவேதான் கல்லீரலும் சிறுநீரகங்களும் தனித்தனியே உப்புக் கரைசலில் இடப்பட்டு ஆய்வகத்துக்குச் செல்கின்றன. அவற்றிலும் விஷம் பரவியிருந்தால், உயிரோடிருந்தபோது உட்சென்றது என்று பொருள்.

அப்போதும் கேள்வி பாதிதான் தீர்ந்திருக்கும். வலுக்கட்டாயமாகப் புகட்டியிருந்தால் உதட்டின் உட்புறத்திலும் ஈறுகளிலும் கிழிசல் இருக்கலாம். கன்னத்திலும் மணிக்கட்டிலும் விரல்கள் அழுந்திய கன்றல்கள் இருக்கலாம். மோவாயிலும் சட்டையிலும் விஷம் சிந்தியிருக்கலாம். கறுத்த தோலில் கன்றல் எளிதில் புலப்படாது. தோலை விலக்கித் தசையைப் பார்த்தால்தான் தெரியும். சில கன்றல்கள் ஒரு நாள் கழித்தே தெளிவடையும். காயம் உயிரோடிருந்தபோது ஏற்பட்டதா என்பதை நுண்ணோக்கி காட்டும். தேடினால் மட்டுமே அகப்படும் சாட்சிகள் இவை. 'விஷம் குடித்தவர்' என்று எழுதிய காகிதத்தோடு வரும் உடலில் இவற்றைத் தேட யாருக்குத் தோன்றும்?

இங்குதான் எனக்கு வருத்தம். தாலுகா மருத்துவமனைகளில் பிரேதப் பரிசோதனை செய்பவர் பெரும்பாலும் தடயவியலில் பட்டமேற்படிப்புப் படித்தவரல்லர். புறநோயாளிகளைப் பார்த்து முடித்துவிட்டுச் சவக்கிடங்குக்கு வரும் பொது மருத்துவர். சம்பவ இடத்தை அவர் கண்டிருக்க மாட்டார். காவலர் எழுதித் தரும் விசாரணை அறிக்கையே அவருடைய கண். வல்லுநர் குழுவும் காணொளிப் பதிவும் வேண்டுமென்றால் பெரும்பாலும் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. தட்டத் தெரியாத, வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாத குடும்பங்களின் பிணங்கள் அன்று மாலையே எரிந்துவிடுகின்றன. சாம்பலை மறுபரிசோதனை செய்ய முடியாது.

எல்லா மரணத்தையும் கொலையென்று ஐயுற வேண்டும் என்பதல்ல என் வாதம். உண்மையாகவே தற்கொலை செய்துகொண்டவரின் குடும்பத்தையும் முறையான பரிசோதனைதான் வீண்பழியிலிருந்து காக்கும். முதலாளியின் இடத்திலோ காவலிலோ ஒருவர் இறந்தால், குடும்பம் கேட்காமலே தடயவியல் வல்லுநர் பரிசோதிக்க வேண்டும். முழுவதும் காணொளியில் பதிவாக வேண்டும். அறிக்கை குடும்பத்தின் கைக்கு வர வேண்டும். 2024 ஜூலையில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு போய், புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவு வந்தது. எண் மாறியதைப்போல் வழக்கமும் மாற வேண்டும்.

ஆய்வகத்தின் விடை வரும்வரை வினைமுற்றை எழுதாமல் வைத்திருக்கும் பொறுமை ஒரு நாகரிகம். இறந்தவருக்கு நாம் செய்யக்கூடிய கடைசி மரியாதையும் அதுவே.