முகம் பார்த்து ஜோசியம்

இந்தூரை அடுத்த பிதம்பூரிலோ செங்கல்பட்டு நெடுஞ்சாலையிலோ, கருப்பு வெள்ளைக் கோலம் அச்சிட்ட உறை போர்த்திய கார் ஒன்று டீக்கடை ஓரம் ஐந்து நிமிடம் நின்றால் போதும். அன்று மாலைக்குள் அதன் ஜாதகம் கணிக்கப்பட்டுவிடும். முன்விளக்கு மெலிந்திருக்கிறது, பின்கதவில் விளக்குப் பட்டை வருகிறது, டாஷ்போர்டில் திரை பெரிதாகிறது என்று ஊகங்கள் பறக்கும். மின்சார எஸ்.யூ.வி. வாங்கப் பணத்தோடு தயாராக இருந்த குடும்பத் தலைவர், ‘புது மாடல் வரட்டும்’ என்று செக் புத்தகத்தை மூடிவைப்பார்.

ஒரு காலத்தில் இந்தியர்கள் பணத்தைக் கட்டிவிட்டு, காருக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது கார் ஷோரூமில் நிற்கிறது; பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவர் காத்திருக்கிறார். ஆனால் முகத்தைப் பார்த்துக் காரை எடைபோடும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அம்பாசிடர் மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர் மாறியபோதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் பெரும்பாலும் முன்பக்க கிரில்லில்தான் இருந்தது. உருளைக்கிழங்கு போன்ற அந்த உடம்பு, 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை ஏறக்குறைய அப்படியே இருந்தது.

மின்சாரக் காரில் இந்த முக ஜோசியம் பலிப்பதில்லை. பெட்ரோல் இன்ஜினின் ரேடியேட்டருக்கு நிறையக் காற்று வேண்டும், அதனால் கிரில் வேண்டும். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் அவ்வளவு காற்று தேவையில்லை. 2020 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த எம்.ஜி. இசட்.எஸ். இ.வி.யின் முகத்தில் பெட்ரோல் கார் போலவே கிரில் இருந்தது. 2022 மார்ச்சில் வந்த புதிய வடிவத்தில் அந்த இடம் மூடப்பட்டது. எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். உண்மையான மாற்றம் காரின் அடியில் இருந்தது. 44.5 யூனிட் பிடித்த பேட்டரி இருந்த இடத்தில் 50.3 யூனிட் பிடிக்கும் பேட்டரி வந்திருந்தது.

டாடா நெக்ஸான் இ.வி.யின் கதை இன்னும் தெளிவானது. 2020 ஜனவரியில் அது வந்தபோது பேட்டரி 30.2 யூனிட், சோதனை விதிகளின்படி ஒரு சார்ஜில் 312 கி.மீ. 2022 மே மாதம் 40.5 யூனிட்டுடன் ‘மேக்ஸ்’ வந்தது. 2023 செப்டம்பரில் முகம் முழுவதுமாக மாறியது. விளக்குப் பட்டை, பெரிய திரை என்று ஜோசியர்கள் சொன்னதெல்லாம் நடந்தது. அவசரமாக வாங்கியவர்களுக்கு ஒரு வருடத்தில் அதிர்ச்சி. 2024 செப்டம்பரில், முகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லாமல் 45 யூனிட் பேட்டரி வந்து சேர்ந்தது. சோதனைக் கணக்கில் 489 கி.மீ.

இதை முன்கூட்டியே கணித்திருக்க முடியுமா? முடியும். முந்தின மாதம் அதே நிறுவனம் அறிமுகப்படுத்திய கர்வ் இ.வி.யில் அந்த 45 யூனிட் பேட்டரி இருந்தது. ஒரு நிறுவனம் தன் ஒரு காரில் போட்ட பேட்டரி, அதன் மற்றொரு காருக்கும் போக வாய்ப்பு அதிகம். ஆகவே அடுத்த மாற்றத்தை ஊகிக்க விரும்புபவர், உறை போர்த்திய காரைவிட, அதே கம்பெனி இப்போது விற்றுக்கொண்டிருக்கும் மற்ற கார்களின் விவரப் பட்டியலைப் படிப்பது நல்லது.

குடும்பத்துக்கு உதவும் மாற்றங்களும் முகத்தில் இல்லை. பேட்டரியைத் தரைக்கு அடியில் பரப்பிவைப்பதால் காரின் தளம் உயர்கிறது. பின்சீட்டில் உட்காரும் தாத்தாவின் முழங்கால் மேலே தூக்கிக்கொள்கிறது. தொடைக்குத் தாங்கல் இல்லை. பெட்ரோல் காருக்காக வரைந்த உடம்பில் பேட்டரியைத் திணிக்கும்போது இந்தச் சிரமம் கூடுகிறது. தொடக்கத்திலிருந்தே மின்சாரத்துக்காக வடிவமைத்தால், பேட்டரியைச் சுற்றிச் சீட்டையும் கூரையையும் வரைய முடியும்.

கூரைக்கும் ஒரு தகராறு உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. எனவே கூரையைப் பின்னால் சரித்தால் சார்ஜ் மிச்சமாகும், அழகும் கூடும். பின்னால் இருப்பவரின் தலைக்குத்தான் இடம் குறையும். மகிந்திரா 2024 நவம்பரில் வெளியிட்ட எக்ஸ்.இ.வி. 9இ சரிந்த கூரை கொண்டது. சரியாக ஒரு வருடம் கழித்து, 2025 நவம்பரில், அதே அடித்தளத்தில் கூரையை நிமிர்த்தி, மூன்று வரிசை சீட்டுகளோடு எக்ஸ்.இ.வி. 9எஸ் வந்தது. ஏழு பேர் போகும் இந்தியக் குடும்பம் காற்றின் விதியிடம் பேரம் பேசி வென்ற இடம் இது.

திரை மோகமும் தணியத் தொடங்கியிருக்கிறது. டெஸ்லா 2023-ல் தன் மாடல் 3 காரை மாற்றியமைத்தபோது, இண்டிகேட்டர் தண்டை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் பொத்தான் வைத்தது. 2025-ல் மாடல் ஒய் மாற்றியமைக்கப்பட்டபோது தண்டு பத்திரமாக இருந்தது. இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குக் கையில் தட்டுப்படும் விசைகள் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்பு அமைப்பு 2026-லிருந்து விதி வகுத்திருக்கிறது. அடுத்த சில மாடல்களில் பொத்தான்கள் திரும்பி வரும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்த ஊகங்களில் யாரும் நினைத்துப் பார்க்காத ஒருவர் இருக்கிறார். 2020-ல், சார்ஜ் செய்யும் இடங்களே அரிதாக இருந்தபோது, துணிந்து முதல் காரை வாங்கியவர். ஒவ்வொரு புது மாடலும் அவருடைய காரைக் கொஞ்சம் கிழவனாக்குகிறது. விற்கப் போனால், வாங்க வருபவர் முதலில் கேட்பது பேட்டரியின் ஆயுளைத்தான். டாடா 2025-ல், முதல் உரிமையாளருக்கு 15 வருட பேட்டரி வாரண்டியை 45 யூனிட் நெக்ஸானுக்கும் கர்வுக்கும் கொடுத்தது. 2020-ன் காருக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்ற பழைய வாரண்டி. அதன்படி எட்டு வருடம் 2028-ல் முடியத் தொடங்குகிறது. முதலில் நம்பியவருக்குக் காகிதத்தில் பாதுகாப்பு குறைவு.

பழைய காரில் புதிய பேட்டரி போட முடியாதா? பி.எம்.டபிள்யூ. 2016-ல் தன் ஐ3 காரின் முதல் உரிமையாளர்களுக்குப் பெரிய பேட்டரிக்கு மாறும் வசதியைச் சில நாடுகளில் அறிவித்தது. ரெனோ நிறுவனமும் தன் ஜோ காருக்கு 22 யூனிட்டிலிருந்து 41 யூனிட்டுக்கு மாற வழி செய்தது. புதிய பேட்டரி பழைய பெட்டிக்குள் அடங்கும்படி வடிவமைத்ததால் அது சாத்தியமாயிற்று. கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. காரிலேயே விலை கூடிய உறுப்பு பேட்டரிதான்; அத்தனை பணம் கொடுத்துப் பழைய காரைப் புதுப்பிக்க எத்தனை பேர் வருவார்கள்? ஆனால் பேட்டரியின் உடல்நிலையை எழுத்தில் தருவதற்கு அவ்வளவு செலவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து மின்சார வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம் என்று சட்டம் செய்திருக்கிறது. இந்தியாவிலும் அப்படி ஒன்று வந்தால் பழைய கார் விற்பவரும் வாங்குபவரும் பொருளைத் தெரிந்து பேரம் பேசுவார்கள்.

கம்பெனிகளுக்கும் இது தர்ம காரியமல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல், டீசல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சாரக் கார்களுக்கு வரி முன்பு போலவே 5 சதவீதம். இரண்டுக்கும் இருந்த விலை இடைவெளியின் அனுகூலம் சுருங்கிவிட்டது. இந்த நேரத்தில், ‘இன்று வாங்கினால் நாளை பழசாகிவிடும்’ என்ற பயம்தான் மின்சாரக் காரின் பெரிய எதிரி. புது முகம் அந்தப் பயத்தை வளர்க்கும். கைமாறினாலும் கூடவே போகும் வாரண்டியும், பேட்டரியின் நிலையைச் சொல்லும் சான்றிதழும் அதைக் குறைக்கும்.

உறை போர்த்திய அடுத்த கார் டீக்கடையில் நிற்கும்போது, படமெடுப்பவர்கள் விளக்கைப் படமெடுக்கட்டும். வாங்கப் போகிறவர் ஷோரூமுக்குப் போய், பின்சீட்டில் வீட்டுப் பெரியவரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, வாரண்டி காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்.